அல்பொன்சாவுக்குத் தெரியாமல் ஒரு மேக்

போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தேன். சொந்தக் கையால் ஒரு மேக் கணினி செய்வதென்று.

கடையில் விற்கிற மேக்கின் விலைக்கு எங்கள் கற்பிட்டிக் கரையில் எஞ்சினோடு ஒரு போட் வாங்கலாம். ஆனால் பழைய பாகங்களைப் பொறுக்கி ஒரு சாதாரணக் கணினியைப் பூட்டி, அதற்குள் மேக்கின் மென்பொருளை ஏற்றி, ‘நீ மேக்தான்’ என்று அதையே நம்பவைத்துவிடலாம் என்று இணையத்தில் ஒரு கூட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. சுருக்கமாகச் சொன்னால், பொய் சொல்லி நம்பவைக்கிற வேலை. பொய் சொல்லி எனக்கு இருபத்து மூன்று வருடப் பழக்கம். நம்பவைத்த அனுபவம்தான் இல்லை.

என் மனைவி அல்பொன்சா அப்போது இத்தாலியில் இருந்தாள். நாலு வருடமாக மிலான் பக்கத்தில் ஒரு ஊரில், எண்பத்தாறு வயது மூதாட்டி ஒருவரை, அவர்கள் மொழியில் சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்கிற வேலை. பெண்டாட்டி எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் புருசன் ராசா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வாடகை வான் பிடித்து வீடு வந்து சேரும் வரைக்கும். வந்து கதவைத் திறக்கப் போன் அடித்தது. “கேற்றைப் பூட்டினீங்களா?” என்றாள். பூட்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் வீடியோவில் விசாரணை.

“அடுப்பில என்ன?”

“பருப்பு.”

“மூடியத் திறந்து காட்டுங்க.”

காட்டினேன்.

“இது நேத்தைய பருப்பு.”

“இல்ல, இண்டைக்கு வச்சது.”

“நேத்தும் அந்தக் கறிவேப்பிலை அதே மூலையிலதான் கிடந்தது.”

இப்படிப்பட்டவளுக்கு ஒளித்து நான் எதைச் செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் போனை வைத்ததும் வீடு ஒரேயடியாகப் பெரிதாகிவிடும். மகள் ஷானிகா கலியாணம் முடித்து மாரவிலவுக்குப் போய்விட்டாள். நாலு கதிரை போட்ட மேசையில் ஒரு கதிரைக்குத்தான் வேலை. ஏச்சு வாங்குகிற அந்த அரை மணித்தியாலத்துக்காக நான் மற்ற இருபத்து மூன்றரை மணித்தியாலமும் காத்துக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

போகும்போது அவள் சொன்னது இதுதான். “உங்கட ஸ்ரூடியோ ஒழுங்கா ஓடத் தொடங்கினா, அண்டைக்கே வந்திருவன்.”

ஸ்ரூடியோ என்றால் முன்னறையும் ஒரு கமராவும் நானும். கலியாணம், பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை, கோயில் கொடியேற்றம் என்று யார் கூப்பிட்டாலும் போய் வீடியோ எடுப்பேன். கூப்பிடுகிறவர்கள் குறைவு, எல்லாரிடமும் இப்போது போன் இருக்கிறது. இந்த நிலையில்தான் தை மாதம் அல்பொன்சா ஒரு குண்டைப் போட்டாள்.

“சிஞ்ஞோராட மகன் கேக்கிறார், இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறியா எண்டு. பங்குனி முடியிறதுக்குள்ள பதில் சொல்லோணும். என்ன சொல்ல?”

‘வா’ என்று சொல்ல வேண்டியதுதானே. ஓரெழுத்து. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேலை வெட்டி இல்லாத ஒருவன் உழைக்கிற மனைவியைப் பார்த்து எந்த முகத்தோடு அந்தச் சொல்லைச் சொல்வது? “உன்ர வசதியப் பாரு. நான் இங்க சமாளிக்கிறன்” என்றேன்.

“அப்பிடியா?” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

பிறகுதான் கொழும்பில் கலியாண வீடியோ செய்கிற பெரிய இடமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவர்கள் எடுத்த கலியாணங்களை வெட்டி ஒட்டித் தர ஆள் தேவையாம். மாதா மாதம் வேலை வருமாம். ஆனால் அவர்கள் பாவிக்கிற மென்பொருள் மேக்கில் மட்டும்தான் ஓடும். “உங்களிட்ட மேக் இருக்கா?” என்று கேட்டார்கள். இருக்கு என்று என் வாய் சொல்லிவிட்டது. வாய் சொன்னதை இனிக் கை செய்தாக வேண்டும். பங்குனி முடிவதற்குள் செய்தால் அல்பொன்சாவிடம் நெஞ்சை நிமிர்த்தி ‘ஸ்ரூடியோ ஓடுது, வா’ என்று சொல்லலாம். அதுதான் மேலே சொன்ன திங்கட்கிழமையும் பல் விளக்கலும்.

பாலாவிச் சந்தியில் முனாஸ் பழைய கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிறான். லொறிகள் போகும்போது அவன் கடை அலுமாரிகள் எல்லாம் கிடுகிடுக்கும். கழித்துவிட்ட ஒபிஸ் மெசின்களின் நடுவில் ஒரு ஸ்டூலில் குந்தியிருந்தான். நான் போட்டுக் கொண்டுபோன பட்டியலை வாசித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். வேகத்தைக் கூட்டக்கூடிய வகைச் சிப் ஒன்று, மதர்போர்ட் ஒன்று, இரண்டாம் கையா மூன்றாம் கையா என்று சொல்ல முடியாத வீடியோ கார்ட் ஒன்று.

“விண்டோஸ் போட்டுத் தாறன் அண்ணன். அஞ்சு நிமிச வேலை.”

“வேணாம். இதுல மேக் போடப் போறன்.”

முனாஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

“வீட்ல சொன்னீங்களா?”

“அவ இத்தாலியிலதானே.”

“அது தெரியும். சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்ப முதல்ல அதச் செய்ங்க. மெசின் பத்தினா நான் பாத்துக்குவன். மத்தது எனக்கு ஏலாது அண்ணன்.”

பூட்டி முடிக்க ஒரு நாள். அதற்குள் மேக்கை ஏற்ற மூன்று கிழமை. பதினொரு தடவை பாதி வழியில் நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாக ஏதோ திட்டியது. அல்பொன்சாவாக இருந்தால் எதற்கு ஏச்சு என்று விளங்கும். இது எதற்கென்றே விளங்காத ஏச்சு. அந்தக் கணினிக்கு நீ இன்ன மாடல் என்று ஒரு பெயரும் கொடுக்க வேண்டியிருந்தது. இருக்கிறதிலேயே விலை கூடிய ஐமேக் புரோ என்று கொடுத்தேன். பொய் என்று வந்த பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

பன்னிரண்டாம் தடவை, கறுப்புத் திரையின் நடுவில் அந்தக் கடித்த ஆப்பிள் வந்து நின்றது. அடியில் வெள்ளைக் கோடு மெல்ல மெல்ல நிறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உலகத்தில் நான் சொல்ல விரும்பிய ஒரே ஆளுக்குத்தான் சொல்லக் கூடாது.

அடுத்த சங்கடம், அது ஒரு கணக்குக் கேட்டது. ஆப்பிள்காரர்களிடம் பதிந்த கணக்கு இல்லாவிட்டால் மென்பொருள் ஒன்றும் இறக்க முடியாது. எனக்கென்று ஒன்று திறக்கப் பார்த்தேன். மூன்று தடவை மறுத்தது. அல்பொன்சாவின் ஐபோனுக்கு ஒரு கணக்கு உண்டு. போன தடவை லீவில் வந்தபோது என்னைக்கொண்டுதான் பாஸ்வேர்டைத் தட்டுவித்தாள். அதைக் கொடுத்தேன். கதவு பாதி திறந்தது. மீதி திறக்க ஆறு இலக்கம் வேண்டுமாம். அந்த ஆறு இலக்கம் அவளுடைய போனுக்குத்தான் போகுமாம்.

எடுத்தேன் போனை.

“அல்பொன்சா, உன்ர போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். ஆறு இலக்கம். அத எனக்கு ஒருக்காச் சொல்லு.”

“என்ன நம்பர்?”

“திருவிழாக் கமிட்டியில… பேர் பதியிறதுக்கு.”

“திருவிழாக் கமிட்டி இத்தாலிக்கு நம்பர் அனுப்புதா?”

“இப்ப எல்லாம் ஒன்லைன்.”

சிஞ்ஞோரா வீட்டு மணிக்கூட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

“எழுதுங்க” என்றாள். ஆறு இலக்கத்தையும் ஆறுதலாக, இரண்டு தரம் சொன்னாள். “பிழையில்லாம எழுதினீங்களா? சரி. அந்தோனியார் துணை” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இருபத்து மூன்று வருடத்தில் அவள் நம்பிய முதல் பொய்.

அந்த மேக்கில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? குறிப்பு எழுதுகிற மஞ்சள் பக்கம். கலியாண வீடியோவை எல்லாம் மறந்து அதில் இருந்து தட்டத் தொடங்கிவிட்டேன். இரண்டு பக்கம் திறந்தேன். ஒன்றுக்கு ‘வேலை’ என்று பெயர் வைத்தேன், செய்ய வேண்டியவற்றின் பட்டியல். மற்றதற்கு ‘சொல்லாதது’ என்று பெயர். போனில் அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒவ்வொரு நாளும் அதில் எழுதினேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியவை.

‘இண்டைக்கும் பேக்கரியில ரெண்டு பேருக்கெண்டு ரெண்டு றாத்தல் பாண் வாங்கிப்போட்டன். ஒண்டு காஞ்சு போச்சு.’

‘கோயில்ல நீ குந்திற வாங்குப் பலகையில வேற ஆக்கள் குந்தியிருக்காங்க. நான் இப்ப பின்னால நிக்கிறன்.’

‘அலுமாரியில உன்ர பக்கக் கதவ நான் திறக்கிறதில்ல. திறந்தா வாசம் போயிரும்.’

‘வா எண்டு சொல்லத் தெரியாம இல்ல. வெறுங்கையோட எப்பிடிக் கூப்பிடுறது?’

எழுதி முடித்தால் ஒரு ஏப்பம் விட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் அந்தக் கடைசி வரிக்குக் கீழே ‘ம்’ என்று ஒரு எழுத்துத் தனியாக நின்றது. முழங்கை பட்டிருக்கும் என்று அழித்துவிட்டேன்.

‘வேலை’ப் பக்கம் வேறு விதமாக வளர்ந்தது. கேபிள் வாங்க வேண்டும், முனாஸிடம் ஃபேன் கேட்க வேண்டும் என்று நான் எழுதியவற்றுக்கு நடுவில் ‘கிணற இறைக்கோணும்’ என்று இருந்தது. எப்போது எழுதினேன் என்று ஞாபகமில்லை. ஆனால் கிணறு இறைக்க வேண்டியதுதான். ஆள் பிடித்து இறைத்தேன். இரண்டு நாள் கழித்து ‘கூரையில ஒழுகிற இடத்துக்கு ஓடு மாத்தோணும்’. மாற்றினேன். பிறகு ‘பல் டொக்டர். இடப்பக்கம்’. இடப்பக்கம் உண்மையாகவே நொந்துகொண்டிருந்தது. சிலாபத்துக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. சாதாரணக் கணினியில் இருக்கும்போது சோம்பேறியாக இருந்த மனிதன், மேக்கின் முன்னால் உட்கார்ந்ததும் எவ்வளவு பொறுப்பானவன் ஆகிவிட்டான் என்று யோசித்தேன். ஆப்பிள்காரர்கள் அவ்வளவு விலை சொல்வது சும்மா இல்லை என்று பட்டது. ஒரே ஒரு விடயம்தான் உதைத்தது. ஒரு நாள் காலை ‘அந்தப் பச்சைச் சேர்ட்டை எறியோணும்’ என்று இருந்தது. அது எனக்கு மிகப் பிடித்த சேர்ட். நான் போய் அப்படி எழுதுவேனா? ஆனால் எழுதியிருக்கிறேனே. முந்தின நாள் பின்னேரம் ஒரு கிளாஸ் கள்ளுக் குடித்தது உண்மை. மனம் வலிக்க வலிக்க எறிந்தேன்.

பங்குனி கடைசிக் கிழமை கொழும்புக்காரர்கள் பரீட்சை வைத்தார்கள். சிலாபத்தில் ஒரு கலியாணம், நாலு கமரா, ஆறு மணித்தியாலப் படம். வெட்டிச் சுருக்கி வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் மாதாந்த வேலை. வெட்டுவதெல்லாம் வெட்டிவிட்டேன். கலியாணப் பொம்பிளையின் மாமிமார் எட்டுப் பேரையும் ஒருவர் விடாமல் சேர்த்தேன். எல்லாவற்றையும் ஒரே படமாகச் சமைத்து எடுக்கிற கடைசி வேலைதான் மீதி. வெள்ளி விடிய அந்தப் பொத்தானை அமத்தினேன். இன்னும் இருபத்தாறு மணித்தியாலம் என்று மேக் காட்டியது.

இங்கேதான் ஓவர்கிளாக் வருகிறது. ஒரு சிப்புக்கு இவ்வளவு வேகம் என்று செய்தவன் அளந்து விட்டிருப்பான். அதை மீறி அதனிடம் வேலை வாங்குவதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக். அல்பொன்சா என்னை வைத்து அதைத்தான் இவ்வளவு காலமும் செய்து வருகிறாள், எனவே முறை எனக்குப் புதிதில்லை. வேகத்தைக் கூட்டினேன். சூடு தொண்ணூற்றாறுக்கு ஏறியது. மேக் மூச்சை நிறுத்தி மீண்டும் எழும்பியது. முனாஸுக்குப் போன் செய்தேன்.

“சூடு அடங்குதில்ல, முனாஸ்.”

“வாட்டர் கூலிங் போடோணும் அண்ணன்.”

“அது எங்க இருக்கு?”

“கொழும்புல இரிக்கி.”

“ஆறு மணிக்குள்ள?”

“அப்ப அல்லாஹ்கிட்ட துஆதான் கேக்கோணும்.”

போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். எதிர் வீட்டு அன்ரனிப்பிள்ளை கொழும்புக்கு மீன் அனுப்புகிறவர். ரெஜிபோம் என்கிற எடையில்லாத வெள்ளைப் பெட்டிகளில் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் இவ்வளவு ஐஸ் இருக்கும்போது ஒருவன் சூட்டுக்குப் பயப்படுவதா? ‘வேலை’ப் பக்கத்தில் ‘அன்ரனிப்பிள்ளையிட ஐஸ் ஒரு பெட்டி, உப்பு ரெண்டு கிலோ’ என்று எழுதிவிட்டு எழும்பினேன். எதையும் எழுதிச் செய்கிற மனிதனாகிவிட்டேன் அல்லவா.

உப்பு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஐஸில் உப்பைப் போட்டால் குளிர் இரண்டு மடங்கு ஏறும் என்று எங்கள் கரையில் ஐஸ்பழம் செய்கிற எல்லாருக்கும் தெரியும். ஐஸைக் கண்டால் உப்புக்குக் கை தானாகப் போகும். கலிபோர்னியாவில் இருக்கிற இன்ஜினியர்மாருக்கு இது தெரியுமோ என்னவோ. தெரிந்தாலும் புத்தளத்து உப்புக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

பெட்டிக்கு மேல் கணினியை வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, ஒரு பைப்புத் துண்டால் குளிர் காற்றை நேரே சிப்புக்கு இழுத்தேன். சூடு நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. நான் வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். இருபத்தாறு மணித்தியாலம் எட்டாகியது. மத்தியானம் ஐம்பது வீதம். மூன்று மணிக்கு எண்பத்தைந்து. அறை முழுக்கப் பாரை மீன் வாசம். ஊர்ப் பூனை ஐந்து ஜன்னலில் வந்து வரிசையாகக் குந்தின. அவற்றுக்கு முன்னால் நான் பெருமையோடு நின்றேன். பின்னேரம் அல்பொன்சாவிடம் சொல்லப் போகிற அந்த ஓரெழுத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தொண்ணூற்றொரு வீதத்தில் மதர்போர்ட் வேர்த்தது. குளிர் காற்றோடு ஏறிய ஈரம் முத்து முத்தாகப் பிடித்திருந்தது. வெறும் தண்ணீராக இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். இது உப்புத் தண்ணீர். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். மெல்லிய நீலப் புகை. ஆப்பிள் போய்விட்டது, மாமிமார் எட்டுப் பேரும் போய்விட்டார்கள். பூனைகளும் எழும்பிப் போய்விட்டன. படம் எடுத்து முனாஸுக்கு அனுப்பினேன். அவன் ஒரு வரி பதில் போட்டான். “அண்ணன், இது மெசினா, கருவாடா?”

ஐந்தரைக்கு அல்பொன்சா எடுத்தாள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்துவிட்டு எதிரே இருந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? என்னை நினைத்துப் பரிதாபப்பட்டு வருவாள். அல்லது இவனை நம்பி வர முடியாதென்று இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவாள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

“முகம் என்ன இப்பிடி இருக்கு?”

“வெயில்.”

“வேலை எப்பிடி?”

“பிரமாதம். கையில பிடிக்க ஏலாத வேலை. நீ ரெண்டு வருசம் இல்ல, மூண்டு வருசம் எண்டாலும் நில்லு. எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல.”

“சரி” என்றாள் அல்பொன்சா. “ஐஸ் வச்சது சரி. உப்ப ஏன் போட்டீங்க?”

“என்ன உப்பு?”

“ரெண்டு கிலோ உப்பு.”

“அன்ரனிப்பிள்ளை சொன்னாரா?”

“நீங்கதான் சொன்னீங்க. ‘வேலை’ எண்டு ஒரு பக்கம் வச்சிருக்கீங்களே, அதுல. திருவிழாக் கமிட்டிக்கு நம்பர் சொன்னனே, அண்டைக்கு என்ர போன்ல என்ன வந்தது தெரியுமா? புத்தளத்துக்குப் பக்கத்தில ஒரு ஐமேக் புரோவில என்ர கணக்கத் திறக்கப் போறாங்க எண்டு வந்தது. அதிட விலையைத் தேடிப் பாத்தன். இந்த மனிசன் காணிய வித்துப்போட்டார் எண்டு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல்ல. பிறகு பாத்தா, நீங்க எழுதிற குறிப்பெல்லாம் இங்க என்ர போன்ல வந்து விழுது. ரெண்டும் ஒரே கணக்குத்தானே. நீங்க அங்க எழுதினா எனக்குத் தெரியும். நான் இங்க எழுதினா உங்களுக்குத் தெரியும்.”

மெல்ல மெல்ல விளங்கியது.

“கிணறு?”

“நான்.”

“கூரை?”

“நான்.”

“பல்லு?”

“சாப்பிடேக்க வலப்பக்கத்தால மட்டும் மெல்லுறது வீடியோவில தெரியாதா?”

“பச்சைச் சேர்ட்?”

“அதப் பத்தி நாம கதைக்க வேணாம்.”

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். “மற்றப் பக்கமும் வருமா?”

அவள் முகத்தைத் திருப்பி எதையோ பார்த்தாள். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது.

“ஒவ்வொரு நாளும் வந்தது. பாண் வந்தது. வாங்கு வந்தது. அலுமாரி வந்த அண்டைக்கு நான் குசினியில அடுப்புக்கு முன்னால நிண்டு அழுதுகொண்டிருந்தன். சிஞ்ஞோரா ஏனெண்டு கேட்டா. இத்தாலிப் பாசையில சொன்னன். அவவும் அழுதா. பிறகு விடாம ஒவ்வொரு நாளும் கேப்பா, இண்டைக்கு உன்ர மனிசன் என்ன எழுதியிருக்கார் எண்டு.”

வெட்கத்தில் போனைக் கவிழ்த்து வைக்கலாமா என்று நினைத்தேன். ஆனால் பார்க்கவும் வேண்டும் போலிருந்தது.

“இப்ப என்ன செய்யப் போற? மாசம் முடியுது. அவருக்குப் பதில் சொல்லோணுமே.”

“சொல்லிட்டன்.”

“எப்ப?”

“மூண்டு ராசாக்கள் திருநாள் அண்டைக்கே சொல்லிட்டன், போகப் போறன் எண்டு. சித்திரை ஏழாம் திகதிக்கு டிக்கெட்.”

மூன்று ராசாக்கள் திருநாள் தை ஆறாம் திகதி, அதாவது ஜனவரி ஆறு. நான் பல் விளக்குவதற்கு ஒரு மாதம் முதல். மேக், முனாஸ், ஐஸ், உப்பு ஒன்றுமே தேவைப்பட்டிருக்கவில்லை.

“அப்ப ஏன் என்ன சொல்ல எண்டு என்னட்டக் கேட்ட?”

“வா எண்டு ஒரு சொல் சொல்லுவீங்களா எண்டு பாக்க. சொன்னீங்களா? உன்ர வசதியப் பாரு எண்டீங்க. நாலு வருசமா அதத்தான் சொல்றீங்க. ஒரு மெசினுக்குச் சொல்லத் தெரியுது, எனக்குச் சொல்லத் தெரியல்ல.”

“அதுக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே, வாறன் எண்டு.”

“சொல்லியிருந்தா நீங்க கேற்றடியில கதிரையைப் போட்டுக் குந்தியிருப்பீங்க. கிணற யார் இறைக்கிறது?”

இறைத்த கிணற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

“இப்ப சொல்லுங்க” என்றாள்.

“என்னத்த?”

“எழுதினத.”

டிக்கெட் எடுத்து முடிந்த ஒருத்தியைக் கூப்பிடுவதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

“வா” என்றேன்.

“கேக்கல்ல.”

“வா, அல்பொன்சா. எனக்குத் தனிய இருக்க ஏலாது.”

“ம்” என்றாள்.

சித்திரை ஏழாம் திகதி வந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் திருப்தி. சூட்கேஸின் அடியிலிருந்து ஒரு மேக்கை எடுத்து மேசையில் வைத்தாள். உண்மையான மேக், சிஞ்ஞோராவின் மகன் பாவித்தது. கை நீட்டினேன். “இது எனக்குத் தந்தது. காலையில நீங்க வேலை செய்யலாம், பின்னேரம் எனக்கு” என்றாள். கொழும்புக்காரர்களிடம் அவளே இரண்டு தடவை கதைத்து எனக்கு இன்னொரு பரீட்சை வாங்கித் தந்தாள். பாஸ். மாதம் மூன்று கலியாணம் வருகிறது. சாப்பிடும்போது ஏச்சு நேரடியாக வருகிறது. இரண்டு றாத்தல் பாணும் முடிகிறது.

பின்னேரங்களில் அவள் மேக்கைத் திறந்து சிஞ்ஞோராவோடு கதைப்பாள். போன கிழமை அப்படிக் கதைத்துவிட்டு, யோசனையோடு குசினிக்குள் வந்தாள்.

“சிஞ்ஞோரா சரியாச் சாப்பிடுறா இல்லையாம். சூப்பைத் தள்ளி வச்சிட்டு உங்களைத்தான் கேக்கிறா. ஏன் இப்ப ஒண்டும் எழுதுறாரில்ல எண்டு.”

“என்னத்த எழுதிறது? நீதான் இஞ்ச இருக்கிறியே.”

“அதத்தான் நானும் சொன்னன். அவ ஒரு யோசனை சொன்னா. நல்ல மனிசி, நாலு வருசம் எனக்குச் சோறு போட்டவ. அவ சொன்னாத் தட்ட ஏலாது.”

“என்ன யோசனை?”

அல்பொன்சா அலுமாரியைத் திறந்து இரண்டு சாரியை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“நான் ஷானிகாட வீட்ட போய் ரெண்டு கிழமை நிக்கிறன். மேக்க வச்சிட்டுப் போறன், நீங்க எழுதுங்க. என்ர போனுக்கு வந்தா நான் அவவுக்கு வாசிச்சுச் சொல்லுறன். முந்தி மாதிரி உண்மையா எழுதோணும், அவவுக்குப் பொய் எண்டா விளங்கும்.”

மாரவிலவுக்குப் போகிற பஸ் வரும் வரைக்கும் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நின்றவனும் நான்தான்.